எமர்ஜென்சிக்கு மூன்று படம்

எங்கள் வீட்டில் யாராவது செத்தால்தான் கிறிஸ்துமஸ் படங்கள் வெளியே வரும். இதை அலுவலகத்தில் சொன்னால் ஜோக் என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, பாத்ரூமுக்குப் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் எனக்குக் கிடையாது.

கேமரா அம்மாவுடையது. வீட்டில் எல்லோரும் வசதியாக மறந்துபோன விஷயம் அது என்பதால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். குவைத்தில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, ஒரு லீவில் எங்களைப் பார்க்க ஹைதராபாத்தில் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தார். பெட்டியைத் திறந்து அதை எடுத்து நேராக அம்மாவின் கையில் வைத்தார். “அக்கா, இது உனக்கு. அத்தானுக்குச் சட்டைத்துணி தனியா இருக்கு” என்றார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அப்பாவும்தான் நின்றுகொண்டிருந்தார்.

கறுப்பு பிளாஸ்டிக் கேமரா. சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிசு. திருப்பித் திருகிச் சரிசெய்ய ஒன்றும் கிடையாது. கண்ணை வைத்துப் பார்க்க ஒரு சின்ன ஜன்னல், அமுக்க ஒரு பொத்தான், படம் எடுத்தபிறகு கட்டைவிரலால் தள்ள ஒரு பல்சக்கரம், எத்தனை எடுத்திருக்கிறோம் என்று காட்டும் எண். பிளாஷைப் போட்டால் கீ என்று மெல்லிய சத்தம் வரும். ஆரஞ்சு விளக்கு எரிந்ததும் அமுக்கலாம். அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றுதான் மாமா அதை அம்மாவுக்கு வாங்கியிருந்தார்.

மாமா போன மறுநாளே அம்மா படம் எடுக்கத் தொடங்கிவிட்டாள். அடுப்பின் மேல் பொங்கி நின்ற பால். குவார்ட்டர்ஸ் பின்பக்கம் இருந்த கொய்யா மரம். தலை பின்னி முடித்த என் முதுகு. வொர்க்‌ஷாப் சங்கு ஊதியதும் சைக்கிள்கள் கூட்டமாக வெளியே வருவதை எங்கள் வாசலில் நின்று ஒன்று எடுத்தாள். சாயங்காலம் அப்பா அந்த எண்ணைப் பார்த்தார்.

“என்ன இது? அடுப்பைப் போட்டோ பிடிச்சிருக்கியா? பிலிம் என்ன கொய்யா மரத்துலயா காய்க்கி?”

கேமரா அன்றைக்கே இரும்பு பீரோவுக்குள் போனது. அப்பாவின் வேட்டிகளுக்கும் எங்கள் சர்டிபிகேட்டுகளுக்கும் நடுவில் அதற்கு ஒரு இடம் ஒதுக்கப்பட்டது. சாவி அம்மாவின் இடுப்பில்தான் இருந்தது. ஆனால் அனுமதி அப்பாவிடம் இருந்தது. சாவி தன்னிடம் இருக்கிறது என்பதிலேயே அம்மா சமாதானமாகிவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இனி அந்த மூன்று படத்தின் கதை. எங்கள் ஆட்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். அப்பாவின் அப்பா காலத்திலேயே ரயில்வே வேலைக்கு இங்கே வந்துவிட்டவர்கள். இங்கே யாராவது இறந்துபோனால் ஊரிலிருந்து ரயிலேறி வருகிறவர்கள் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிடும். அதனால் பெட்டியை மூடுவதற்கு முன்னால் குடும்பம் முழுவதும் பெட்டியைச் சுற்றி நின்று ஒரு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பியாக வேண்டும். யார் யார் நின்றார்கள், என்ன துணி போட்டிருந்தார்கள், முகம் எப்படி இருந்தது என்று ஊரில் கையிலிருந்து கைக்கு மாறி அந்தப் படம் வீடு வீடாகப் போகும். அப்பாவின் அப்பா இறந்த அன்று ஏதோ பண்டிகை. ஸ்டூடியோ பூட்டியிருந்தது. படம் எடுக்க முடியவில்லை. முகத்தைக்கூடக் காட்டாமல் மண்ணில் போட்டுவிட்டான் என்று ஊரில் அப்பாவைப் பேசினார்கள். ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் பேசினார்கள். அது அவரைக் குத்திக்கொண்டே இருந்தது என்பது எனக்குப் புரிகிறது. புரிந்தும் கோபம் குறையவில்லை.

அப்பா ஒரு சட்டம் போட்டார். ரோலில் உள்ள முப்பத்தாறு படத்தில் கடைசி மூன்றை யாரும் தொடக் கூடாது. அவை எமர்ஜென்சிக்கு. எமர்ஜென்சி என்றால் சாவு. தீ விபத்தும் குழந்தை பிறப்பதும் அப்பாவின் கணக்கில் எமர்ஜென்சி ஆகாது. பெட்டியோடு குடும்பம் ஒன்று, முகம் மட்டும் ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று.

பிலிம் கேமராவைத் தொட்டிராத பிள்ளைகளுக்கு இதன் கொடுமை புரியாது. ரோல் முழுதாக முடிந்தபிறகுதான் அதை வெளியே எடுத்துக் கழுவக் கொடுப்பார்கள். மூன்றை மிச்சம் வைத்தால் ரோல் முடியாது. ரோல் முடியாவிட்டால் அதற்குள் இருக்கும் கிறிஸ்துமஸ், ஈஸ்டர், என் பட்டமளிப்பு எல்லாம் இருட்டிலேயே கிடக்கும். மிச்ச மூன்று போனால் போகட்டும், பாதியில் எடுத்துக் கழுவிவிட்டுப் புது ரோல் போடலாமே என்று நான் ஒருமுறை கேட்டேன். “புது ரோல் வாங்கப் போற நேரத்துல ஏதாச்சும் ஆயிட்டா? நக்கோன்னா நக்கோ” என்றார். எங்கள் அப்பாவின் தமிழில் வேண்டாம் என்ற சொல்லுக்கு மேல் ஒரு படி அது. ஹைதராபாத்காரர்களிடம் கற்றுக்கொண்டது. அதைச் சொல்லிவிட்டார் என்றால் வீட்டில் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

முதல் ரோல் சீக்கிரம் முடிந்தது. அப்பாவின் சித்தி ஒருத்தி மௌலாலியில் இறந்துபோனாள். கழுவி வந்த படங்கள் எல்லாம் ஒரே கவரில் இருந்தன. பொங்கிய பால், கொய்யா மரம், கேக் வெட்டும் நான், பிறகு சித்தியின் பெட்டி. பொங்கிய பால் படத்தைப் பார்த்து அம்மா, “எவ்வளவு நல்லா விழுந்திருக்கு பாரு” என்றாள். அப்பா சித்தியின் படத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது ரோலில்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம். அதில் மூன்று படம் மிச்சம் இருந்த சமயத்தில் அப்பாவின் அண்ணனுக்கு, என் பெரியப்பாவுக்கு, ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. மல்லாபூரில் இருந்தார். சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அப்பா கேமராவை ஒரு துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். நாங்களும் போனோம். பெரியப்பா கண்ணைத் திறந்தார். பையைப் பார்த்தார். அவருக்கும் அந்தச் சட்டம் தெரியும்.

கோணிய வாயோடு, “இன்னைக்கு இல்லடே” என்றார்.

அவர் பிழைத்துவிட்டார். அடுத்த வருடம் மறுபடியும் படுத்தார். அப்பா பையோடு போனார். மறுபடியும் எழுந்துவிட்டார். நல்ல மனிதர், அவர் இருந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் அவர் ஒவ்வொரு முறை பிழைத்தபோதும் எங்கள் படங்கள் பீரோவுக்குள் இன்னொரு கோடையைக் கழித்தன. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மே மாதத்தில் பீரோவின் கைப்பிடியைத் தொட முடியாது. பிலிமைச் சூட்டில் வைக்கக் கூடாது என்று அந்த டப்பாவிலேயே போட்டிருந்தது. அப்பாவுக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும்.

இதற்கிடையில் ஹைதராபாத்தே மாறிக்கொண்டிருந்தது. மாதாப்பூர் பக்கம் பாறைகளை உடைத்து உடைத்துக் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. அவற்றில் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்து இறங்கிய பிள்ளைகள் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வீட்டுத் தமிழைக் கேட்டு அவர்களுக்குச் சிரிப்பு. அமெரிக்கா போய்வந்த ஒருவன் டிஜிட்டல் கேமரா வாங்கி வந்தான். கேண்டீனில் ஒரு சமோசாவைப் பத்துத் தடவை எடுத்தான். பார்த்தான், அழித்தான், மறுபடியும் எடுத்தான். அவனை அடித்துவிடலாம் போலிருந்தது. அவன் என்ன செய்வான் பாவம், அவன் வீட்டில் அப்பா அப்படி இல்லை.

இங்கேதான் அம்மாவின் பல் வருகிறது. சின்ன வயதில் கிணற்றடியில் விழுந்து அம்மாவின் முன்பற்கள் இரண்டும் பாதிக்குமேல் உடைந்துபோயிருந்தன. அதனால் அவள் வாயைத் திறந்து சிரித்து யாரும் பார்த்ததில்லை. சிரிப்பு வந்தால் முந்தானை வாய்க்குப் போய்விடும். சர்ச் பாடகர் குழுவில் பாடும்போதுகூடப் பாட்டுப் புத்தகத்தை மூக்குவரை தூக்கிப் பிடித்திருப்பாள். எந்தப் படத்தை எடுத்தாலும் ஓரத்தில் நிற்பாள். பாதி முகம் யாருடைய தோளுக்காவது பின்னால் இருக்கும். மிச்சப் பாதியில் உதடு இறுக்கமாக மூடியிருக்கும்.

வேலைக்குச் சேர்ந்ததும் நான் செய்த முதல் காரியம் அவளைத் தார்நாகாவில் ஒரு பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனதுதான். இந்த வயதில் எதுக்கு என்று அடம்பிடித்தாள். பல் கட்டி முடித்த அன்று டாக்டர் கண்ணாடியைக் கொடுத்தார். அம்மா பார்த்தாள். முந்தானையைத் தூக்கினாள், பிறகு தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். ஆட்டோவில் வரும்போது வழியெல்லாம் நாக்கால் பல்லைத் தடவிக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து பீரோவின் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்தாள். நான் எட்டிப் பார்த்ததும் முறைத்தாள்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அம்மா அப்பாவிடம் கேட்டாள். அவள் எதையும் கேட்கிறவள் இல்லை. அதனால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“ஏங்க, அந்தக் கேமராவுல என்னைத் தனியா ஒண்ணு எடுக்கச் சொல்லவா? பல்லு தெரிய.”

“பல்லுக்கு ஒரு பிலிமா?” என்றார் அப்பா. “அண்ணன் இந்தா அந்தான்னு கெடக்கான். அவனுக்கு வச்சிருக்கது. நக்கோ.”

“மூணு இருக்கும்லாங்க. ஒண்ணுதானே கேக்கேன்.”

“நக்கோன்னா நக்கோ.”

நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். ஒரு மனுஷி தன் சொந்தக் கேமராவில் தன் சொந்தப் பல்லோடு ஒரு படம் கேட்கிறாள். அதைச் சாகப்போகிற இன்னொருவருக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன் என்கிறார் கட்டிய புருஷன். இதை வாய்விட்டுச் சொன்னேன். அப்பா காது கேட்காதவர்போல ரசத்தை ஊற்றிக்கொண்டார். அம்மா என்னைப் பார்த்து, “நீ சும்மா இரி பிள்ள” என்றாள்.

ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன். “அந்த மனுசன் முன்னால போயிப் பல்லைக் காட்டிட்டு இருக்கவா? வெக்கமா இருக்கும். நீ எடு” என்றாள். டிஜிட்டல் கேமரா வாங்கித் தருகிறேன் என்றேன். “என் தம்பி வாங்கித் தந்த கேமரா உள்ள இருக்கும்போது இன்னொண்ணு எதுக்கு?” என்றாள். அப்பாவிடம் காட்ட வேண்டிய பிடிவாதத்தை எல்லாம் என்னிடம் காட்டினாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். அப்பா மல்லாபூருக்குப் பெரியப்பாவைப் பார்க்கப் போயிருந்தார். விசேஷமாக ஒன்றும் இல்லை, அதனால் பையை எடுத்துப்போகவில்லை. நான் அம்மாவின் இடுப்பிலிருந்து சாவியை உருவினேன். அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஈஸ்டருக்கு எடுத்த பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டாள். பின்பக்கம் கொய்யா மரத்து நிழல் விழாத இடமாகப் பார்த்து ஒரு நாற்காலியைப் போட்டேன். கிட்டே போனால் இந்தக் கேமராவில் முகம் மங்கிவிடும் என்று எனக்குத் தெரியும். நாலடி தள்ளி நின்றேன். கேமராவைக் கண்ணில் வைத்தேன்.

“சிரி.”

கையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா சிரித்தாள். பல் அத்தனையும் தெரிந்தது. இப்படி ஒரு முகம் எங்கள் வீட்டில் இத்தனை நாள் இருந்திருக்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது. அந்தச் சின்ன ஜன்னலுக்கு நடுவில் அவள் மட்டும் இருந்தாள். யாருடைய தோளும் இல்லை.

விரல் பொத்தானில் இருந்தது.

“வேண்டாம் பிள்ள” என்றாள். சிரிப்பு அப்படியே போய்விட்டது. “உங்க பெரியப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிட்டா என்னையத்தான் சொல்லுவாங்க. இவ போட்டோ பிடிச்சாளாம், அவரு போயிட்டாராம்னு. உங்கப்பா தெனம் அந்த நம்பரைப் பாக்காரு. வேண்டாம். உள்ள வையி.”

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். எழுந்து வந்து கேமராவைக் கையிலிருந்து வாங்கி, உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாள். எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. இப்போதும் வருகிறது. ஒரு விரல் அசைத்தால் போதும் என்ற இடத்தில் அவள் என்னை நிறுத்திவிட்டாள்.

பெரியப்பா சாகவில்லை. அம்மா செத்துப்போனாள்.

காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் கொய்யா மரத்தடியில் அப்படியே உட்கார்ந்தாள். நான் மாதாப்பூர் போகும் வண்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் முடிந்துவிட்டது. நெஞ்சு வலிக்கிறது என்றுகூட ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நாங்கள் வேலைக்குப் போகாமல் நிற்க வேண்டும், ஆட்டோ பிடிக்க வேண்டும், மற்றவர்களுக்குச் சிரமம். அவள் அப்படித்தான்.

மறுநாள் அடக்கம். அந்தப் பச்சைப் புடவையைத்தான் கட்டினார்கள். தாடை விழாமல் இருக்க வெள்ளைத் துணியால் கட்டிப் பிறகு அவிழ்த்தார்கள். வாய் கெட்டியாக மூடிக்கொண்டது. நான் கட்டிக்கொடுத்த பல் உள்ளே இருந்தது. பெரியப்பாவை மல்லாபூரிலிருந்து ஆட்டோவில் கொண்டுவந்து, பெட்டியின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அவர் ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

போதகர் ஜெபம் முடித்தார். அப்பா உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. கேமராவைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

“எடு பிள்ள. ஊருக்கு அனுப்பணும்.”

மாட்டேன் என்றேன். எத்தனையோ பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “உங்கம்மா கூடப் பொறந்தவன் குவைத்துல இருக்கான். அவனுக்கு நான் எதைக் காட்டுவேன்?” என்றார். மாமாவின் பேரைச் சொன்னதும் நான் வாங்கிக்கொண்டேன். பிளாஷைப் போட்டேன். கீ என்று சத்தம் வந்தது. ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

அப்பா எல்லோரையும் வரிசைப்படுத்தினார். யார் எங்கே நிற்க வேண்டும், யார் குனிய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். “எல்லாரும் கேமராவைப் பாருங்க” என்றார். ஒன்று எடுத்தேன். “இப்ப முகம் மட்டும். கிட்டப் போகாத, மங்கிரும்” என்றார். நடுவில் அம்மா மட்டும் இருக்க, யாருடைய தோளும் குறுக்கே இல்லாமல் ஒன்று எடுத்தேன். அவள் கேட்ட தனிப் படம் அதுதான். எதற்கும் இருக்கட்டும் என்று மூன்றாவதையும் எடுத்தேன்.

கட்டைவிரல் பழக்கத்தில் சக்கரத்தைத் தள்ளியது. அது இறுகி நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. சுற்றியது. எண் முப்பத்தாறைத் தாண்டி, எண் எதுவும் இல்லாத இடத்தில் போய் நின்றது. இன்னும் ஒரு படம் இருந்தது.

எந்த ரோலிலும் அப்படி ஒன்று கூடுதலாக வரக்கூடும் என்று லேப்காரர் பிறகு சொன்னார். சுற்றிப் போடும்போது பிலிமை வீணாக்காமல் போட்டால் வருமாம். இந்த ரோலைப் போட்டது அம்மா. மாமா சொல்லிக்கொடுத்தபடி, நுனியைக் கொஞ்சமாக மட்டும் இழுத்துப் போட்டிருக்கிறாள். அப்பாவின் மூன்றைத் தொடாமலேயே அவளுக்கு என்று ஒன்று உள்ளே இருந்திருக்கிறது. அத்தனை வருடமும் இருந்திருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து சிரித்த அன்றும் இருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அந்தச் சக்கரத்தை வெறித்துக்கொண்டிருந்தேன்.

“என்ன, இன்னும் ஒண்ணு இருக்கா?” என்றார் அப்பா. எட்டிப் பார்த்தவருக்கு ஆச்சரியம். “நல்லதாப் போச்சு. நீ ஒண்ணுலயும் இல்லையே. குடு இங்க. அம்மாகிட்டப் போய் நில்லு.”

கேமராவை அவரே வாங்கிக்கொண்டார். யாரோ ஒரு அத்தை என்னைத் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினாள். நான் கேமராவைப் பார்க்கவில்லை. அதற்குப் பின்னால் இருந்த மனிதரைப் பார்த்தேன். இப்போது மட்டும் ஒரு படத்தை வீணாக்கலாமா? இப்போது உங்கள் அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கேட்கவில்லை. கூட்டத்தில் கேட்க முடியாததை எல்லாம் கண்ணிலேயே வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். பிளாஷ் அடித்தது.

ரோல் கழுவி வந்தது. கிறிஸ்துமஸ்கள், ஈஸ்டர்கள், என் பட்டமளிப்பு, எல்லாம் சூட்டில் வெந்து சாயம் போய் ரோஸ் நிறமாக வந்திருந்தன. அம்மா இருந்த ஓரங்களில் ஒரு திட்டுதான் இருந்தது. புதிதாக எடுத்த கடைசி நாலு மட்டும் ஓரளவு தெளிவாக இருந்தன. உயிரோடு இருந்த அம்மா மங்கிப்போய், பெட்டிக்குள் இருந்த அம்மா பளிச்சென்று இருந்தாள். கவரை அப்பாவின் மடியில் போட்டுவிட்டு நான் வெளியே போய்விட்டேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. நினைவு ஜெபத்துக்கு வீட்டில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்றார் அப்பா. வாக்காளர் அட்டையில் இருந்தது அம்மாவா வேறு யாராவதா என்று எனக்கே சந்தேகம். கல்யாணப் படத்தில் அவள் தலையைக் குனிந்திருந்தாள். அப்பா நெகட்டிவை எடுத்துக்கொண்டு மெட்டுகுடாவில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனார். அப்போதெல்லாம் எல்லா ஸ்டூடியோவிலும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. கண் மூடியிருந்தால் பரவாயில்லை, திறந்துவிடலாம் என்றார்களாம். வேறு யாருடைய கண்ணையாவது எடுத்து ஒட்டுவார்களாம், பெட்டியையும் பூவையும் அழித்துவிட்டுப் பின்னால் நீல வானம் போடுவார்களாம். இதை அப்பா ஏதோ பெரிய அதிசயம்போல என்னிடம் சொன்னார்.

“பல்லு?” என்றேன்.

“என்ன பல்லு?”

“பல்லு தெரியச் சிரிக்கிற மாதிரி செய்ய முடியுமான்னு கேட்டீங்களா?”

“கேட்டேன். வாய் மூடியிருந்தா ஒண்ணும் செய்ய முடியாதாம்” என்றார். கேட்டிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். அதற்காக நான் இளகிவிடவில்லை. கேட்க வேண்டிய நேரத்தில் அவள் கேட்டாள்.

படம் சட்டம் போட்டு வந்தது. ஹாலில், அப்பா உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரில், அவரே ஆணி அடித்து மாட்டினார். பச்சைப் புடவை, நீல வானம், மூடிய உதடு. நான் பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. கண் என்னுடையது. உங்கள் மகள் கண்ணும் அம்மா கண்ணும் ஒரே அச்சு, அதே ரோலில் நேராகப் பார்க்கிற படமும் இருக்கிறது என்று ஸ்டூடியோக்காரர் சொல்ல, அப்பா சரி என்றிருக்கிறார். அந்த நாலாவது படத்திலிருந்து என் கண்ணை வெட்டி அம்மாவின் முகத்தில் வைத்திருந்தார்கள். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. நினைவு ஜெபத்துக்கு வந்தவர்கள் எல்லாம், உயிரோடு இருக்கிற மாதிரியே இருக்கிறது என்றார்கள்.

எல்லோரும் போனபிறகு அப்பா தன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பேப்பரை எடுத்து விரித்தார், மடித்தார். எழுந்து நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். அங்கேயும் சரிப்படவில்லை. கேமராவுக்குப் பின்னால் இருந்த அவரை நேராகப் பார்த்த கண், எந்தப் பக்கம் போனாலும் விடாது.

“உங்கம்மா ஒருநாளும் என்னைய இப்படிப் பாத்ததில்ல” என்றார்.

நான் பாத்திரங்களை எடுத்துக்கொண்டிருந்தேன்.

“ஏ பிள்ள, நாளைக்குக் கொண்டுபோய்க் குடுத்து வேற கண்ணு வைக்கச் சொல்லுவமா?”

“நக்கோ” என்றேன்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். நான் அழுத்திச் சொன்னேன்:

“நக்கோன்னா நக்கோ.”

அந்தப் படம் இன்னும் அங்கேதான் தொங்குகிறது.